சந்தோஷமாயிருப்பவள் வேலையை விடலாமா?

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வத்தேகமவில் எங்கள் அடுத்த வீட்டு ஞானேஸ்வரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, தானாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கண்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறாள். இப்போது வேறு வேலை ஒன்று வந்திருக்கிறது. போவதா, வேண்டாமா?

"கதையா எழுதிக்கங்க அண்ணே. ஆனா என்னய அழ வச்சிராதீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அங்கேதான் எனக்குச் சிக்கல்.

2

தொடக்கம் ஒன்று: ஜன்னலுக்கு வெளியே மழை. திரையைப் பார்த்தபடி ஞானேஸ்வரி ஒரு பெருமூச்சு...

இல்லை. அவள் பெருமூச்சு விடுகிறவள் அல்ல. மத்தியானச் சோற்றுக்குச் சம்பல் கொண்டுபோய் மேசை மேசையாகப் பகிர்கிறவள்.

தொடக்கம் இரண்டு: அந்தக் கொடுமைக்கார மேலாளர்...

அதுவும் இல்லை. மேலாளர் கணபதி நல்ல மனிதர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கேட்காமலே லீவு தருவார். (கெட்டவன் இல்லாமல் கதை எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும்.)

நடந்தது இதுதான். வெளிநாட்டு ஹோட்டல் ஒன்றுக்காக அவளுடைய குழு இரண்டு வருடம் பாடுபட்டு ஒரு புரோகிராம் செய்தது. ஹோட்டல்காரர்கள் மனம் மாறி, அதைத் திறந்தும் பார்க்காமல் ஒதுக்கிவிட்டார்கள். கம்பெனிக்கு நட்டமில்லை. குழுவுக்குக் கேக் வெட்டினார்கள். கேக் நன்றாகவே இருந்தது என்கிறாள். ஆனால் வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஒரு யோசனை அவளைப் பிடித்துக்கொண்டது. தான் செய்த எதையாவது ஒருவர் பயன்படுத்தி இதுவரை கண்ணால் பார்த்திருக்கிறாளா?

இல்லை.

3

பல்லேகலயில் ஒரு தையல் தொழிற்சாலை. கணினிப் பிரிவுக்கு ஆள் தேவை. நேர்முகம் முடிந்ததும் சுற்றிக் காட்டினார்கள். தையல் பிரிவு மேற்பார்வையாளர் றலியா ஒரு பழைய திரைக்கு முன்னால் காத்து நின்றாள். அவளுக்குப் பின்னால், வேலைக்கு வந்ததைப் பதியப் பெண்களின் வரிசை.

"இது இப்பிடித்தான் மிஸ். பேர அடிச்சா நிண்டுரும். இது முழிக்கிற வரைக்கும் புள்ளைகளெல்லாம் நிக்கணும்."

ஞானேஸ்வரிக்குக் கை சும்மா இருக்கவில்லை. கூட வந்த அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் புரோகிராம், வேலையை விட்டுப்போன அத்தனை பேரையும் சேர்த்துத் தேடிக்கொண்டிருந்தது.* ஒரு வரியை மாற்றினாள். றலியா மறுபடி அடித்தாள்.

"யா அல்லாஹ், வந்துட்டே!"

வரிசை முழுக்கச் சிரித்தது. "அக்கா, நாளைக்கும் வருவீங்களா?" என்றது ஒரு குரல்.

(* எனக்குப் புரோகிராம் தெரியாது. இரண்டு தடவை கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் என்னுடையது.)

4

மாநகர சபையில் எழுதுவினைஞராக இருக்கும் அவள் கணவர் சுந்தரலிங்கம் எதையும் யோசித்துப் பேசுகிறவர்.

"இங்க ஒன்னக் குழுவுக்குத் தலைவியாக்குறேன்னு கணபதி சொல்றாரு. அங்க நீ ஒருத்திதான். தெரியாததக் கேக்க ஆளிருக்காது. அஞ்சு வருசத்துல ஒன் படிப்பே பழசாயிரும், ஞானம்."

"நெசந்தாங்க. பயமாத்தான் இருக்கு."

"அப்ப?"

"அந்தப் புள்ளைக சிரிச்சதப் பாத்துட்டேங்க."

அவர், "சரி, மொதல்ல சாப்புடு" என்று அவளுக்குச் சோறு போட்டார்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் தலைவியாகி மனம் வாடுகிறாள். மற்றதில் தொழிற்சாலைக்குப் போய் வருந்துகிறாள். வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டும் வேற யாரோ அண்ணே," என்றாள்.

வேலையை விடுவதாகக் கணபதியிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் மறுத்துப் பார்த்தார், பிறகு கைகுலுக்கினார். மறுமாதம் பல்லேகலயில் சேர்ந்துவிட்டாள்.

சுந்தரலிங்கம் பயந்தது நடக்குமா? எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என் பங்குக்கு இன்று காலையில் பார்த்ததை மட்டும் வைக்கிறேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

"நேத்து நான் மாத்துனது கவுந்துருச்சாம் அண்ணே! றலியா ஏசப் போறா!"

ஏச்சு வாங்கப் போகிற யாரும் அப்படிச் சிரித்துக்கொண்டு ஓடி நான் பார்த்ததில்லை.