முகம் வராவிட்டால் முதுகைக் கீறு

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கதை எழுத உட்காரவில்லை. புளியந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்துச் சித்திர மன்றம் மலர் போடுகிறதாம். ‘சித்திரம் படிக்கும் மாணவர்களுக்குச் சில ஆலோசனைகள்’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி மன்றச் செயலாளர் நிலோஜன் வீடு தேடி வந்து கேட்டான். நான் பூனைப் படம் கீறினால் பானைக்குக் காது வைத்த மாதிரி இருக்கும். ஆனாலும் மறுக்க வாய் வரவில்லை. என்னிடம் ஆலோசனை கேட்டு இந்த ஊரில் யார் வருகிறார்கள்?

எழுதிப் பார்த்தவை இவை:

அன்பு மாணவச் செல்வங்களே, கலை என்பது ஒரு [சீ, வேண்டாம்.]

தினமும் வாவிக்கரைக்குப் போய் உட்காருங்கள். தண்ணீரின் நிறம் காலையில் ஒன்று, மாலையில் [பாலத்தால் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் அதை நாளும் பொழுதும் பார்க்கிறார்கள். நான் என்ன புதிதாய்க் கண்டுவிட்டேன்?]

சித்திரம் படித்தால் வேலை கிடைக்காது என்று வீட்டில் சொல்வார்கள். கவலைப்படாதீர்கள், அவர்கள் சொல்வது [உண்மைதான். ஆனால் மலரில் போட மாட்டார்கள்.]

எரிச்சலோடு பேனையை மூடினேன். அப்போதுதான் அந்த முதுகு ஞாபகத்துக்கு வந்தது.

2.

போன வருடம் ஒரு சித்திரக் கண்காட்சிக்கு என்னையும் விருந்தாளி என்று கூப்பிட்டிருந்தார்கள். சுவர் நிறையப் பிள்ளைகளின் படங்கள். சந்தை, தேர்த் திருவிழா, பஸ் தரிப்பிடம், வட்டை வயலுக்குள் அறுவடை. எல்லாப் படத்திலும் இடப்பக்க மூலையில் ஒரு பெண்பிள்ளை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நீளமான ஒற்றைப் பின்னல், நுனியில் ரிபன். வலது கை எதையோ எடுக்கப் போகிற மாதிரி நீண்டிருந்தது. சந்தையில் அந்தக் கை கத்தரிக்காயைத் தொட்டது, திருவிழாவில் வடத்தைத் தொட்டது. படத்துக்குப் படம் அதே பிள்ளை. ஐந்தாறு படம் தாண்டியதும் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

பக்கத்தில் நின்ற டீச்சரைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“சோதினையில முகத்துக்குத்தான் சேர் புள்ளி வெட்டுறாங்க. புள்ளையளுக்கு முகம் சரியா வராது. அதான் சொல்லிவெச்சிரிக்கன், முகம் வராட்டி முதுகைக் கீறுங்க எண்டு. ஒரு முதுகைப் பாடமாக்கினாக் காணும், எந்தத் தலைப்புக்கும் ஓடும்.”

என் கையில் இருக்கிற உண்மை இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. அந்த டீச்சர் இதை வாசித்தால் இன்னொரு தடவை சிரித்துவிட்டுப் போகட்டும்.

3.

என் டீச்சரின் பெயர் கிருஷாந்தினி. நாற்பதைத் தாண்டியவள். நாவற்குடாவில் தாய் சீதேவிப்பிள்ளையோடு இருக்கிறாள். கல்யாணம் [இதற்குள் போனால் கதை வேறு பக்கம் இழுக்கும். விடுகிறேன்.]

அந்த முதுகு யாருடையது? ஊரை விட்டுப் போன சிநேகிதியுடையது என்று முதலில் எழுதினேன், கிழித்தேன். பிறகு கை தானாகவே ஒரு செத்த தங்கையை எழுதியது. எனக்கே கோபம் வந்தது. எங்கள் பக்கத்தில் கதை எழுதுகிறவனுக்கு இது ஒரு வியாதி. ஆள் முதுகைக் காட்டி நின்றால் போதும், உடனே சாகடித்துவிடுவோம். செத்தவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை, கடலும் சண்டையும் கைக்கெட்டிய தூரத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கின்றன. ஆனால் வேறு எப்படி எழுதிப் பார்த்தாலும் அந்தப் பிள்ளை அசையவில்லை. சரி, தங்கைதான்.

தங்கையின் பெயர் தனுஷியா. சுனாமி வந்த அன்று கடற்கரை வீட்டில் இருந்தாள். அவளோடு வீடும் போயிற்று, பட அல்பங்களும் போயின, பள்ளிக்கூடத்தில் இருந்த படமும் போயிற்று. பதினாறு வயதுக்காரியின் முகம் ஒரு கடதாசியிலும் மிஞ்சவில்லை. வாழைச்சேனையில் சித்தி வீட்டுக் கல்யாண அல்பத்தில் மட்டும் ஒரு படம் கிடைத்தது. அதில் தனுஷியா மூலையில் நின்று பலகாரத் தட்டுக்குக் கை நீட்டுகிறாள். கமராவுக்கு முதுகு.

பின்னாளில் நோயில் போன தகப்பனுக்காவது அடையாள அட்டைப் படம் இருந்தது. அதைப் பெருப்பித்துச் சுவரில் மாட்டினார்கள். அதற்குப் பக்கத்தில் சீதேவிப்பிள்ளை இன்னொரு ஆணி அடித்துவைத்தாள். அது இன்றுவரை வெறும் ஆணி. மார்கழியில் திவசம் வரும்போதெல்லாம் அந்த ஆணிக்குக் கீழேதான் விளக்கு வைத்துப் படைக்கிறார்கள்.

“கெம்பஸ் வரைக்கும் போய்ப் படம் கீறப் படிச்சாய். தங்கச்சிட முகத்த ஒருக்காக் கீறித் தா புள்ள,” என்று தாய் கேட்காத வருடம் இல்லை.

கீறாமல் இல்லை. தாய் சொல்லச் சொல்லக் கீறினாள். “மூக்கு இன்னும் கொஞ்சம் சின்னன். கண் இப்பிடி இல்ல. இது ஆரோ கா, எங்கட புள்ள இல்ல.” ரிபனுக்குச் சண்டை பிடித்தது கிருஷாந்தினிக்கு ஞாபகம் இருக்கிறது, தங்கையின் குரலும் இருக்கிறது. முகத்தைத் தேடினால் மட்டும் தன் சொந்த முகமே வந்து நிற்கிறது. கடைசியில் பென்சிலுக்கு அந்த முதுகுதான் பழகிப் போயிற்று. அதையே பலகையில் கீறிப் பிள்ளைகளுக்கும் படிப்பித்தாள்.

(பக்கத்தின் அடியில் வரவேண்டிய குறிப்பு: அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த ஆலோசனை இன்னொன்றும் உண்டு. ‘மொடல் இல்லாட்டிக் கண்ணாடியப் பாருங்க.’ எல்லாச் சித்திர டீச்சர்மாரும் சொல்வதுதான். ஒன்றும் பிழையில்லை.)

4.

பதினோராம் வகுப்பு முடிவில் வருகிற ஓ.எல் சோதினை நெருங்கினால் பயிற்சிப் படங்கள் கட்டுக் கட்டாக வீட்டுக்கு வரும். சீதேவிப்பிள்ளை அவற்றை மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டுவாள். வெண்புரை விழுந்த கண். ஆகையால் கடதாசியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்த்தான் பார்ப்பாள். எத்தனை சந்தை, எத்தனை திருவிழா, எல்லாவற்றிலும் மகளின் முதுகு.

“இவள் ஒருக்காலும் கிறுக மாட்டாள்,” என்பாள். திரும்புவதைத்தான் எங்கள் ஊரில் கிறுகுவது என்பார்கள்.

இந்த முறை கட்டின் நடுவில் ஒரு சந்தைப் படம் இருந்தது. மூலையில் அதே பின்னல், அதே ரிபன், அதே நீட்டிய கை. ஆனால் பிள்ளை கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலால் பார்த்தாள். முழு முகம்.

குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற கிருஷாந்தினிக்குத் தாயின் குரல் கேட்டது.

“கிறுகிட்டாள்! இஞ்ச வாகா, உன்ட தங்கச்சி கிறுகிட்டாள்!”

சீதேவிப்பிள்ளை அழுதாள். சுனாமி முடிந்து முகாமில் இருந்தபோதுகூட அவள் இப்படி வாய்விட்டு அழுததில்லை. கிருஷாந்தினி படத்தை வாங்கிப் பார்த்தாள். இடது கண்ணுக்குக் கீழே மச்சம், கொஞ்சம் தூக்கலான பல். கம்சாயினி. பத்தாம் வகுப்பிலிருந்து அவளிடம் படிக்கிற பிள்ளை, அடுத்த ஒழுங்கையில் வீடு.

“அம்மா, இது வேற புள்ள.”

“எனக்குக் கண்தான் மங்கல். பெத்தது தெரியாதா? பிரேம் போட்டுத் தா. வாற திவசத்துக்கு மாலை போட்டு விளக்கு வைக்கணும்.”

5.

அடுத்த நாள் வகுப்பு முடிய கிருஷாந்தினி அவளைக் கூப்பிட்டு, “கம்சா, இத ஆரப் பார்த்துக் கீறினாய்?” என்று கேட்டாள்.

“என்னையேதான் டீச்சர். நீங்கதானே சொன்னீங்க, மொடல் இல்லாட்டிக் கண்ணாடியப் பாக்கச் சொல்லி.” பிள்ளை பயந்துவிட்டது. “எந்நாளும் முதுகையே கீறி அலுத்துப் போச்சு. ஒருக்காக் கிறுகவெச்சிப் பார்த்தன். பிழையா டீச்சர்?”

“இல்ல. நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப படத்த எப்ப தருவீங்க? அம்மாக்குக் காட்டணும். நாளைக்கு உங்கட வீட்ட வந்து எடுக்கச் சொன்னா.”

உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்கு மாலை போட்டு, விளக்கு வைத்து, சோறு படைப்பதா? கிருஷாந்தினி படத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். கம்சாயினியின் தாய் வந்து சுவரைப் பார்த்தால் என்ன சொல்லுவாள்? படத்தைத் திருப்பிக் கொடுத்தால் தன் தாய் இன்னொரு முறை மகளைப் பறிகொடுப்பாள். அதைவிட மோசமான ஒன்றும் அவள் மனதில் கிடந்தது. இது கம்சாயினிதான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தனுஷியா இப்படி இருக்கவில்லை என்று எதை வைத்துச் சொல்வது? அவளுக்குத்தான் அந்த முகம் ஞாபகமே இல்லையே!

6.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கிருஷாந்தினி உண்மையைச் சொல்கிறாள். தாய் அமைதியாக, “எனக்கு முதல்லயே தெரியும் புள்ள” என்கிறாள். [பொய். தெரிந்த தாய் அப்படி அழமாட்டாள். நான் கைதட்டு வாங்கப் பார்க்கிறேன்.]

இன்னொன்று: தாய்க்குக் கண் ஒப்பரேஷன் நடக்கிறது. கட்டவிழ்த்ததும் சுவரைப் பார்த்து [இந்த வசனத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.]

மூன்றாவதில் கம்சாயினியின் தாயே படத்தைப் பெருமனதோடு [இவ்வளவு நல்லவர்களை நான் எங்கே போய்த் தேடுவேன்?]

கடைசியில் என் டீச்சர் தனக்குத் தெரிந்த வேலையையே செய்தாள். அன்று மத்தியானம் தாய் கண்ணயர்ந்த நேரம் படத்தை மேசையில் வைத்து, பென்சிலையும் அழிறப்பரையும் எடுத்தாள். கம்சாயினி கேட்டால் புதுப் படம் கீறச் சொல்லலாம், இந்த முகத்தை மட்டும் அவளுடையதல்லாமல் ஆக்கிவிட்டால் காணும். மச்சத்தை அழித்தாள். பல்லை உள்ளே தள்ளினாள். புருவத்தை உயர்த்தி, நாடியைச் சின்னதாக்கினாள். அழிக்க அழிக்கக் கம்சாயினி போய்க்கொண்டிருந்தாள். தனுஷியா வரவில்லை. யாருமல்லாத ஒருத்தி கடதாசியில் மிஞ்சிக்கொண்டு வந்தாள்.

“என்ன செய்றாய் மகள்?”

சீதேவிப்பிள்ளை அறை வாசலில் நின்றாள். இவ்வளவு தூரத்தில் அவளுக்குப் படம் தெரிய நியாயமில்லை. அழிறப்பர் உரசுகிற சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

“அவள ஏன்கா அழிக்கிறாய்? கடல் அழிச்சது காணாதா?”

7.

இந்த இடத்தோடு என் கை நின்றுவிட்டது. நிலோஜன் நேற்றும் போன் பண்ணினான். “சேர், ஆலோசனை முடிஞ்சிற்றா?”

முடியவில்லை தம்பி. சித்திரம் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்றுதான் தெரிந்தது. இதுவரை எழுதியதைத் திருப்பி வாசித்தேன். தனுஷியாவின் பின்னலை எழுதியிருக்கிறேன், ரிபனை எழுதியிருக்கிறேன், நீட்டிய கையை எழுதியிருக்கிறேன். முகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் முதுகோடு சமாளித்திருக்கிறேன். எனக்கும் புள்ளி வெட்டுங்கள்.

ஆகவே ஆலோசனையை நீங்கள் சொல்லுங்கள். முகம் கீறப் படிக்கிறவர்கள் நீங்கள்தான். படத்தில் ஒரு கண் இன்னும் அழியாமல் இருக்கிறது. நாளைக்குக் கம்சாயினி வருவாள். சுவரில் ஆணி இருக்கிறது. கிருஷாந்தினி அந்தக் கண்ணையும் அழிப்பதா, அழித்ததையெல்லாம் திரும்பக் கீறுவதா?

யோசித்துச் சொல்லுங்கள். ஆனால் கெதியாகச் சொல்லுங்கள். தாய் வாசலில் பதிலுக்கு நிற்கிறாள்.