பதினேழாம் படிவத்து மூக்காயி

அனுபவத்தால் வருவதே கல்வி என்று முப்பது பக்கம் முன்னுரை எழுதிய ஸ்தனிஸ்லாஸுக்கு, வேடசந்தூரைத் தாண்டி நாலு மைல் வெயிலில் நடக்கிற அனுபவம் மட்டும் வாய்க்கவில்லை. அங்கிருந்த சிற்றூர் ஆதாரப் பள்ளியில் நூல் நூற்றும் தோட்டம் போட்டும் முப்பது பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று ஐப்பசியில் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை கேட்டு எழுத வேண்டும். திண்டுக்கல்லில் ஒரு பயிற்சிக் கல்லூரியில் அவன் ஆராய்ச்சி உதவியாளன். வேலை நிரந்தரமாவது இந்த அறிக்கையின் கையில். ஆகவே ஐம்பத்தேழாம் வருஷத்து ஐப்பசி ஞாயிறு ஒன்றில், பூசை பார்த்துவிட்டு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைக்கு ஒரு கேள்விப் படிவமாக, இரண்டு தடவையும் 'கேட்டு' முடித்துவிட்டான்.

பொய்யில் கஞ்சத்தனம் பார்க்கிறவன் இல்லை அவன். பதினேழாம் படிவத்தில் மூக்காயி, வயது பத்து. பருத்திக் காய் வெடிக்கப் போவது எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு, 'காதில் வைத்தால் உள்ளே யாரோ மூச்சு விடுவது கேட்கும்' என்று எழுதி மீசையைத் தடவிக்கொண்டான். இருபத்து நாலில் பேர் எழுதுகிற இடத்தில் நீல மை கொட்டியது. கிடக்கட்டும் என்று விட்டான். பங்குனிப் படிவக் கட்டிலும் முப்பது பேர் அப்படியே இருந்தால் எவன் நம்புவான்? கண்ணை மூடிக்கொண்டு ஒரு படிவத்தை உருவினான். பதினேழு. 'காய்ச்சல். இறந்துவிட்டாள்' என்று குறித்தான். பங்குனிக் கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஐப்பசிக் கட்டைப் பேராசிரியர் பொன்னுத்துரையிடம் கொடுத்தான்.

மாசியில் பேராசிரியர் கூப்பிட்டார். "அந்த மூச்சுக் கேக்குற பிள்ளைய நான் பாக்கணும்ப்பா. நாளைக்குக் கிளம்பு."

பஸ் வழியில் படுத்துவிட வேண்டும் என்று சகல புனிதர்களையும் வேண்டினான். அன்றைக்கென்று பஸ் குதிரையாய் ஓடியது.

பள்ளியில் சத்தமே இல்லை. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து தக்ளியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் நிமிரவில்லை.

"வாங்க சார்," என்றாள் ஆனந்தமேரி டீச்சர். "போன தடவ மோரு கூடக் குடிக்காமப் போய்ட்டீங்களே."

ஸ்தனிஸ்லாஸ் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். போன தடவை என்று ஒன்று ஏது?

பேராசிரியர் ஒவ்வொரு பேராக வாசித்தார். அவன் கற்பனையில் பிறந்த பேர்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. அவன் எழுதிய பதிலை அவன் எழுதிய இலக்கணத் தமிழிலேயே ஒப்பித்தன. இருபத்து நாலாவது பையன் எழுந்து, பேரைக் கேட்டதும் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. உதடு நீலமாக இருந்தது.

"அவனுக்குப் பேரு சொல்ல வராது சார்," என்றாள் டீச்சர், என்னமோ தலைவலி மாதிரி.

"மூக்காயி?"

மூலையில் ஒரு சாக்குக்குள் சுருண்டு கிடந்தாள். "நேத்துலருந்து காய்ச்சல் சார்," என்றாள் டீச்சர்.

ஸ்தனிஸ்லாஸ் தோட்டத்துப் பக்கம் ஓடினான். பையிலிருந்து பங்குனிக் கட்டை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்து எருக்குழியில் மிதித்தான். திரும்பி வந்து மூக்காயியின் நெற்றியைத் தொட்டால், அடுப்புக்கல்லாய்ச் சுட்டது. அவளோ கண்ணைத் திறக்காமல், "காதில் வைத்தால் உள்ளே யாரோ மூச்சு விடுவது கேட்கும்" என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள். அந்த வாய்க்குள் அவனைத் தவிர யாருமே இல்லை.

எழுதியதைக் கிழித்தால் போதாது, கேட்காமல் விட்டதைக் கேட்க வேண்டும் என்று பட்டது. பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏத்தா, ஒனக்கு என்ன வேணும்?"

அவள் முகம் எழுதாத தாளாக இருந்தது. சுற்றிக்கொண்டிருந்த தக்ளிகள் எல்லாம் நின்றன.

"என்னப்பா இது?" என்றார் பேராசிரியர். "பருத்திக்காய்தான் அஞ்சாம் கேள்வி, அதுக்கு அப்புறம் ஆறுதான். இது படிவத்துலயே இல்லையே?"

"படிவத்துல இருக்கறது பூராவும் நான் எழுதுன பொய்யிங்கய்யா. இந்த ஊருக்கு நான் இன்னைக்குத்தான் வாரேன்."

"வராம எப்படிப்பா இம்புட்டுச் சரியா எழுதுன?"

"அதான் அய்யா எனக்கும் வேர்க்குது. வேலை போனாப் போகட்டும், இவள மட்டும் கேக்க விடுங்க. சொல்லுத்தா, என்ன வேணும்?"

மூக்காயியின் உதடு அசைந்தது. ஏதோ பூட்டுத் துருவோடு திறப்பதுபோல் ஒரு சொல் வந்தது.

"தண்ணி."

அவன் எழுதாத முதல் சொல். ஓடிப்போய் மொண்டுவந்து கொடுத்தான். பின்வரிசையில் யாரோ தும்மினார்கள். ஒருத்தி பக்கத்துக்காரனைக் கிள்ளினாள். "ஏலே, என் பஞ்சக் குடுடா!" என்று எங்கோ ஒரு சண்டை கிளம்பியது. சாயங்காலம்வரை உட்கார்ந்து முப்பது பேரையும் கேட்டான். பாதிப் பேருக்குப் பாதிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அவ்வளவு அழகான மதிப்பெண் அவன் பார்த்ததே இல்லை.

மறுநாள் வேலை போயிற்று. காய்ச்சல் இறங்கியதா என்று சொல்ல ஆளில்லை.

பங்குனி பிறந்ததும் தான் எழுதிய சாவு பலித்திருக்குமோ என்ற பயத்தோடு நடந்து போனான். கூப்பிடு தூரத்துக்கு முன்பே பள்ளியின் இரைச்சல் கேட்டது. ஆனந்தமேரி டீச்சர், "யாரு நீங்க?" என்றாள். உண்மையிலேயே அடையாளம் தெரியாத பார்வை. தோட்டத்தில் ஒரு பெண் கயிற்றோடு குனிந்திருந்தாள்.

"மூக்காயி?"

நிமிர்ந்து, ஏற இறங்கப் பார்த்தாள். "நான் இருக்கேனான்னு பாக்கவா வந்தீங்க?"

தலையாட்டினான்.

"இருக்கேன். சும்மா நிக்காம இந்த முனையப் பிடிங்க, பாத்தி அளக்கணும்."

பிடித்தான். கயிற்றின் மறுமுனையை அவள் சுண்டி இழுத்த இழுப்பில், ஆராய்ச்சி உதவியாளனாக இருந்தவன் கத்தரிச் செடிமேல் குப்புற விழுந்தான்.