முதல் வார்த்தை மட்டும்

"அந்தப் பக்கம் நல்லா இழுடி, ஓரம் தெரியுது பாரு," என்றாள் நெட்டா அத்தை.

ஷோனா படுக்கை விரிப்பின் முனையை இழுத்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் செருகினாள். கூடத்து நிலைக்கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி, அப்பாவின் சவரக் கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்கெனவே மூடியாகிவிட்டது. சாவு விழுந்த வீட்டில் கண்ணாடியைத் திறந்து வைத்தால் போனவர் முகம் அதில் தெரியும் என்று ஸ்காட்லாந்தின் இந்தக் கிரீனாக் ஊரில் அத்தை வயதுக்காரர்கள் இன்னும் நம்புகிறார்கள். டி.வி.யை மூடுவது மட்டும் அத்தையின் சொந்தச் சேர்க்கை.

"இது என்ன கண்ணாடியா அத்தை? இதை எதுக்கு மூடணும்?"

"ஏன், உங்கப்பன் கண்ணாடியில தெரிஞ்சதை விட இதுல தெரிஞ்சதுதானே ஜாஸ்தி? வர்றதா இருந்தா இது வழியாத்தான் வருவான்."

ஷோனாவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. ஜன்னலோரம் சவப்பெட்டியில் படுத்திருந்தார் அப்பா, டூகல் ரெனி. நாளைக் காலையில் பாதிரியார் வருவார், பத்து மணிக்கு எடுத்துவிடுவார்கள். கெட்டது அண்டாமலிருக்க மார்பின் மேல் ஒரு சின்னத் தட்டில் உப்பு. அதுவும் அத்தை வைத்ததுதான். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த மனுஷன், முப்பது வயதில் நாடகம் என்று கிளம்பியபோது தெருவே சிரித்தது. பிறகு பதினோரு வருடம் டி.வி.யில் இன்ஸ்பெக்டர் கெயராக வந்தார். சிரித்த தெருவே கையெழுத்துக்கு வரிசையில் நின்றது. அமெரிக்காவிலும் கூப்பிட்டார்கள். மூன்று படம். மூன்றிலும் அரை மணிக்குள் ஆளைத் தீர்த்துவிட்டார்கள்.

"இவன் சாகுறதை எத்தனை தடவை பாத்திருப்பேன்," என்று தம்பியின் சட்டைக் காலரை நீவிவிட்டாள் அத்தை. "குண்டு பட்டுச் செத்தான், ஆத்துல விழுந்து செத்தான், குதிரை மிதிச்சுச் செத்தான். பழகிப்போயிருக்கும்னு நெனச்சேன். எங்க பழகுது?"

டொக்.

ஷோனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பினால், ஜன்னல் திரைக் கயிற்றின் மரக்குமிழ் காற்றில் ஆடிக் கண்ணாடியில் பட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். ஆனால் முந்தாநாளிலிருந்து எது தட்டினாலும் அவளுக்கு இப்படித்தான்.

போன வருடம் வந்த பக்கவாதம் அப்பாவின் பேச்சைப் பறித்துக்கொண்டது. கடைசி நாள் ஆஸ்பத்திரியில் அவர் ஷோனாவின் முகத்தையே பார்த்தார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. வலது ஆள்காட்டி விரல் கட்டிலின் கம்பியில் ஒரு தட்டுத் தட்டியது. பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் பெண்ணுக்கு ஒரே குஷி. "பாருங்க, பாருங்க! இன்ஸ்பெக்டர் இன்னும் விசாரணையை முடிக்கல!" என்றாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கேள்வியை நடுவில் நிறுத்தி, மேஜையில் ஒற்றை விரலால் ஒரு தட்டுத் தட்டி, பிறகு குற்றவாளியின் கழுத்தில் சுருக்குப் போடுவார் இன்ஸ்பெக்டர் கெயர். அந்தத் தட்டு ஸ்காட்லாந்து முழுக்கப் பிரசித்தம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட வாத்தியார் முன்னால் தட்டி உதை வாங்கியிருக்கிறார்கள்.

ஷோனாவும் நர்ஸோடு சேர்ந்து சிரித்தாள்.

அப்புறம் தண்ணீர் கொடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலையணையை உயர்த்தினாள், திரையை விலக்கினாள், டாக்டரைக் கூட்டி வந்தாள். மறுபடியும் அவளைப் பார்த்து, டொக். மதியம் வரை தட்டிக்கொண்டே இருந்துவிட்டுப் போய்விட்டார். என்ன கேட்டாரோ, அது கிடைக்காமலே போய்விட்டார்.

"என்னைப் பாத்துத்தான் அத்தை தட்டினார்," என்றாள் இப்போதும்.

"அவன் எங்கடி தட்டினான்? சாவு வந்து தட்டுச்சு, அவன் விரல் வழியா. எங்கம்மா போறப்பவும் சுவத்துல இதே மாதிரி கேட்டுச்சு. அதுக்கு ஏன்னு கேக்கக் கூடாது, பதில் சொல்லக் கூடாது. விட்டுத் தள்ளு."

வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டு டாக்கர்ட்டி அம்மாள் சூப்புப் பானையோடு நின்றாள். காது சுத்தமாகக் கேட்காது; அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டாள்.

"சூடா இருக்கும்மா, ஒரு வாயாவது குடி," என்று பானையை நீட்டினாள். "இந்த வாரம் பூரா மூணு மணிக்கு டி.வி.யில அவரைப் போடுறாங்க, தெரியுமா? நான் சத்தத்தைக் கம்மியா வச்சுக்கறேன். துக்க வீடு பக்கத்துல இருக்கு, எனக்குத் தெரியாதா?"

அத்தையும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்கர்ட்டி அம்மாளின் 'கம்மி' கீழ்த்தளம் வரை கேட்கும்.

மூன்று மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா பேசினார்.

"உக்காருங்கம்மா. பயப்படாதீங்க. ரெண்டே ரெண்டு கேள்வி."

கிளைடு நதியின் ஈரமும் பட்டறைப் புகையும் சேர்ந்த, நாற்பத்தைந்து வயதுக் குரல். பெட்டிக்குள் கண்மூடிக் கிடந்தவரின் தலைக்கு நேர் பின்னாலிருந்து வந்தது. அத்தையின் முகம் வெளிறியது.

"ஆண்டவரே! நான் துணி போட்டு மூடினா, இவ சுவத்தையே திறந்து விட்டுட்டாளே! இரு, நான் போய் அந்தச் செவிட்டுக்கு..."

"விடுங்க அத்தை."

"எப்படிடி விடறது? பொணத்தை வச்சுக்கிட்டு..."

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு அத்தை, அந்தக் குரலைக் கேட்டு. விடுங்க."

அத்தை சமையலறைக்குப் போனாள். கெட்டிலில் தண்ணீர் பிடிக்கும் சத்தமும் மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டன.

சுவருக்கு அந்தப் பக்கம் தொடரில் ஒரு பெண், அன்றைக்கு ராத்திரி தன் புருஷன் வேலை முடிந்து நேரே வீட்டுக்கு நடந்து வந்ததாகச் சொன்னாள். தன் உதடுகளும் அதையே சொல்வதை ஷோனா கவனித்தாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. பன்னிரண்டு வயதில் இதே வீட்டுச் சமையலறை மேஜையில், அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்க, அப்பாவுக்கு எதிரே வசனத் தாளோடு உட்கார்ந்து அவள் படித்தது. கொலைகாரன், கொலைகாரன் பெண்டாட்டி, பாதிரியார், பால்காரன் எல்லாமே அவள்தான். அவருக்கு வசனம் மறந்துபோனால் மேஜையில் விரலால் தட்டுவார். அவள் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு தடவை முழு வரியையும் படித்துவிட்டாள். அவருக்கு வந்ததே கோபம்!

"ஷோனா, முதல் வார்த்தையை மட்டும் குடுடி! மொத்தத்தையும் தூக்கிக் குடுத்தா அது உன் பேச்சு. என் பேச்சா எப்படி ஆகும்?"

சுவரில் குரல் தொடர்ந்தது. "நல்லதும்மா. உங்க புருஷன் கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வந்தப்ப..."

குரல் நின்றது. அப்பாவின் மௌனங்களைப் போல் மௌனம் இல்லை என்று நேற்றுக்கூடப் பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். ஷோனாவுக்கல்லவா தெரியும்! சமையலறையிலும் அவர் இந்த வரியில் இதே இடத்தில்தான் தடுக்கி விழுவார். படப்பிடிப்பிலும் தடுக்கி, பழக்கத்தில் மேஜையைத் தட்டியிருக்கிறார். நன்றாக இருக்கிறதே என்று டைரக்டர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் இன்ஸ்பெக்டரின் தட்டு.

டொக்.

"மழை," என்றாள் ஷோனா.

"மழை கொட்டிக்கிட்டு இருந்துச்சு. ஆனா அவர் கோட்டு நனையவே இல்லையேம்மா," என்றது சுவர்.

ஷோனா எழுந்துவிட்டாள். ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி கேக்கல," என்றாள் சத்தமாக. "அவர் தண்ணி கேக்கல."

அத்தை வாசற்படிக்கு ஓடி வந்தாள். "என்னடி? யாரு?"

"வார்த்தை கேட்டார் அத்தை. என்கிட்ட ஏதோ சொல்ல ஆரம்பிச்சு, வராம, எடுத்துக் குடுடின்னு கேட்டிருக்கார். நான் சிரிச்சேன். பக்கத்துல உக்காந்துக்கிட்டு சிரிச்சேன்."

அழுகை பீறிட்டு வந்தது. அத்தை அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நெடுநேரம் கழித்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"என்ன வார்த்தைடி?"

அதுதான் ஷோனாவுக்குத் தெரியவில்லை. இதற்குத் தாள் கிடையாது. யாரும் எழுதிக் கொடுத்த வசனமில்லை, அவரே யோசித்து வைத்திருந்தது. அவர் வாயைத் திறந்தது தெரியும், பார்த்தது தெரியும். மற்றது எல்லாம் அவரோடு போய்விட்டது.

"டீ ஆறிடும். எடுத்துட்டு வரேன்," என்று அத்தை உள்ளே போனாள்.

சுவரில் தொடரின் முடிவு இசை ஒலித்து, டாக்கர்ட்டி அம்மாள் டி.வி.யை நிறுத்தியதும் சட்டென்று அடங்கியது. வீடு வெறிச்சென்று ஆனது.

ஷோனா சமையலறை நாற்காலி ஒன்றை இழுத்துவந்து சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு, அந்தக் காலத்தில் மேஜையில் உட்காருவது போல உட்கார்ந்தாள். அப்பாவின் கைகளைக் கோத்து வைத்திருந்தார்கள். அந்த விரல் மேலேதான் இருந்தது. அம்மாவைப் பற்றியா? நாடகத்தைப் பற்றியா? எதைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வந்த பேச்சு. அப்பா அவளிடம் எதைச் சொன்னாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்.

குனிந்து காதருகே போனாள்.

"ஷோனா," என்றாள்.

அதற்கு மேல் சொல்லவில்லை. நிமிர்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டு கோப்பைகளோடு வந்த அத்தை உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.