எண்ணெய் கக்கும் ஜாக்கி

வாடகைக் கார் ஓட்டும் அவளுக்கும் மாடியில் தையல் மெஷினோடு குடியிருந்த நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். பேச்சு என்றால் தண்ணீர் மோட்டார் பற்றி மட்டும்தான். அப்படிப்பட்ட இரண்டு பேரையும் ஒரு ஜாக்கி சேர்த்து வைத்தது.

நடுவழியில் டயர் பஞ்சர். சவாரி வந்தவரை நிழலில் நிறுத்திவிட்டு, ஹைட்ராலிக் ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினாள். ஜாக்கி கழுத்தோரம் எண்ணெயைக் கக்கிக்கொண்டு மெல்ல மெல்ல அடங்கியது. வண்டி தரையில் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, அவள் கை அடியில் இல்லை. சவாரி வேறு வண்டி பிடித்துப் போய்விட்டது.

உதவிக்கு வந்த மெக்கானிக் தன் ஜாக்கியால் வண்டியைத் தூக்கி வேறு சக்கரத்தை மாட்டிவிட்டு, அவளுடைய ஜாக்கியை ஒரு பார்வை பார்த்தார். "எண்ணெயை அடைக்கிற ரப்பர் சீல் போயிடுச்சுக்கா. பிரிக்கிற கூலிக்குப் புதுசே வாங்கலாம். தூக்கிப் போடுங்க."

தூக்கிப் போட அவளுக்கு மனசு வரவில்லை. புது டயர் வாங்கியதில் கையும் வறண்டு கிடந்தது. மேலே இருக்கும் பெரிய நட்டைக் கழற்றினால் போதும், மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஹார்டுவேர் கடைக்குப் போனாள். அந்த நட்டைப் பிடிக்கிற பைப் ரென்ச்சின் விலையைக் கேட்டதும், சூடு பட்டவள் போலக் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்து பழைய இரும்புக் கடை. குவியலைக் கிளறிக் கிளறி, துருப்பிடித்த ரென்ச் ஒன்றை இழுத்தெடுத்தாள்.

"பல்லெல்லாம் தேஞ்சு போச்சும்மா. வழுக்கும்" என்றார் கடைக்காரர்.

"பல்லை நான் கட்டிக்கிறேன்ணே. நீங்க எடையைப் போடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே, ஒரு துண்டுத் தண்ணீர்க் குழாயையும் இனாமாகப் போட்டுக் கொடுத்தார்.

மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, முக்கோண அரத்தால் ரென்ச்சின் பல் ஒவ்வொன்றையும் ராவத் தொடங்கினாள். கிறீச் கிறீச்சென்ற சத்தத்தில் நாத்தனார் இறங்கி வந்தாள்.

"என்ன அண்ணி இது? என் காது ரெண்டும் கிழிஞ்சு தொங்குது!"

"கிழிஞ்சா தைச்சுக்கோ. நீதான் தையல்காரியாச்சே."

நாத்தனார் முறைக்கத்தான் நினைத்தாள். முந்திக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்தாள். "அந்தக் கோடிப் பல்லை விட்டுட்டீங்க, பாருங்க."

ஜாக்கியின் எண்ணெயை டப்பாவில் வடித்துவிட்டு, அதன் அடித்தட்டை இரும்புப் படிக்கட்டின் இரண்டு கால்களுக்கு நடுவே இறுக்கமாகச் செருகினார்கள். ரென்ச் நட்டைக் கவ்விக்கொண்டது. ரென்ச்சின் கைப்பிடியில் குழாயை மாட்டி அவள் தொங்கினாள். அசையவில்லை.

"நகருங்க, நானும் பிடிக்கிறேன். நாம ரெண்டு பேர் சேர்ந்தா அசையாதது எது?"

"இத்தனை வருஷமா சேரவே இல்லையே!"

இருவரும் ஒன்றாக இழுத்தார்கள். 'டக்'கென்று ஒரு சத்தம். குழாய்தான் உடைந்தது என்று பயந்து பார்த்தால், நட்டு சுழன்றிருந்தது!

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது போல அடுத்த சிக்கல். பழைய சீல் நட்டின் உள்பள்ளத்தில் ஒட்டிக் கிடந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் உள்ளே கீறல் விழும். கீறல் விழுந்தால் மறுபடியும் ஒழுகும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசிப்பதற்குள் நாத்தனார் மாடிக்கு ஓடிப்போய் நூல் பின்னும் குரோஷா ஊசியோடு திரும்பினாள். அதன் வளைந்த நுனியைச் சீலுக்கு அடியில் நுழைத்து, தையல் பிரிப்பது போல நோகாமல் இழுத்தாள். சீல் முழுசாக வெளியே வந்தது. ஜாக்கியின் தண்டுக்கு அடியில் இருந்த இன்னொரு சீலும் அதே ஊசிக்கு அடங்கியது.

இரண்டையும் சீல் கடையில் காட்டி, அதே அளவில் புதுசும் கொஞ்சம் ஹைட்ராலிக் எண்ணெயும் வாங்கி வந்தாள். கழுவி, துடைத்து, பொருத்தி, எண்ணெய் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றைப் போக்கி, நட்டை முடுக்கினார்கள்.

வண்டிக்கு அடியில் ஜாக்கியை வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் மரக்கட்டைகளையும் முட்டுக் கொடுத்தாள். கைப்பிடியை அமுக்க அமுக்க வண்டி எழும்பியது. பம்பர் நின்ற உயரத்துக்கு நாத்தனார் சுவரில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தாள். இருவரும் டீ போட்டுக் குடித்தார்கள். குடிக்கும்போதும் கண் கோட்டிலேயே இருந்தது.

பம்பர் கோட்டை விட்டு மயிரிழையும் இறங்கவில்லை. ஜாக்கியின் கழுத்தை விரலால் துடைத்துப் பார்த்தாள். பொட்டு ஈரம் இல்லை.

"நின்னுடுச்சு!" என்று அவள் கத்தியதில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நாத்தனார் விடுவாளா? "எங்க அண்ணி ஜாக்கியைப் பிரிச்சு மேய்ஞ்சுட்டாங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி முழங்கினாள்.

"நான் மட்டுமா? நாங்கன்னு சொல்லு" என்று அவள் கைப்பிடியை நீட்டினாள். நாத்தனார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து அமுக்கினாள். அத்தனை பெரிய வண்டி, அவள் ஒற்றைக் கைக்குக் கட்டுப்பட்டு இன்னும் ஒரு சாண் மேலே எழுந்தது.