ஜோஷ்வாவின் கைகள் மறுநாள் வந்தன

2004 ஜூலை முதல் ஜோஷ்வாவின் கைகள் அவன் பேச்சுக்கு ஒரு நாள் பின்னால் வந்தன. திங்கட்கிழமை "வரேம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவான். டாட்டா காட்ட வேண்டிய கை செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே ஆடும். நேற்றுக் கூப்பிட்ட ஆளை இன்று ஆளில்லாத தெருவில் கூப்பிடும். ஒரு நிமிடம் சும்மா இருக்காது. கும்மிடிப்பூண்டியில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் மின்வெட்டுதான் பெரிய பேச்சு.

அதற்கு முந்தைய வருடம் முழுக்க அந்தக் கைகள் அசையவே இல்லை. யாரிடம் பேசினாலும் கையைக் கட்டிக்கொண்டே நின்றான். நம் ஊர்க்காரர்களுக்கு இது போதாதா? என்ன அடக்கம், என்ன மரியாதை என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். சர்ச்சில் மற்ற பையன்களுக்கு அவனை உதாரணம் காட்டினார்கள். அவன் அம்மா ஆரோக்கியமேரிக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் சிரிப்பு குறைந்துபோனதை ஒருவரும் கவனிக்கவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

அந்த அடக்கத்தைப் பார்த்துத்தான் ஓர் இரும்பாலையில் சேர்த்துக்கொண்டார்கள். கொடுத்த வேலை, கிரேனுக்குக் கைச்சாடை காட்டுவது. மேலே கூண்டில் இருக்கும் டிரைவர் வரதனுக்குக் கீழே கத்துவது எதுவும் கேட்காது. கை சொன்னால் இறக்குவார், கை சொன்னால் நிறுத்துவார். சேர்ந்த இரண்டாம் நாள் காலை, கிரேனில் தொங்கிய கம்பிக் கட்டுக்கு நேர் கீழே கூட வேலை செய்யும் கோபால் நின்றான். ஜோஷ்வாவின் வாய் "நிறுத்துண்ணா" என்று அலறியது. கை முந்தின நாளின் 'இறக்கு'வைக் காட்டியது. வரதன் இறக்கினார். கோபால் துள்ளி விலகியதால் பிழைத்தான்.

வேலை முடிந்ததும் வரதன் நேரே ஆரோக்கியமேரியிடம் போனார். "புள்ளைக்கு ஒடம்பு சரியில்லம்மா. திருவள்ளூர்ல மனசுக்குப் பாக்குற டாக்டர் கீறாரு. இட்டுக்கினு போ."

"எம்புள்ள இன்னா பைத்தியமாண்ணா? கையக் கட்டிக்கினு நிக்கிற புள்ள அவன்!"

ஆனாலும் பயம் விடவில்லை, கூட்டிப்போனாள். டாக்டர் கைகள் தாமதமாவதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. கை கட்டி நின்ற வருடத்தைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார். சில பிள்ளைகளுக்கு மனம் கலங்குவதற்கு முன்னால் கை அடங்கிவிடும் என்றார். இன்னும் முற்றவில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று மாத்திரை எழுதினார்.

"ஊரே மெச்சிச்சே சார்," என்று ஆரோக்கியமேரி அழுதாள். "நானும் சேந்து பூரிச்சுக்கினு இருந்தேனே."

திரும்பும்போது மாலை பஸ்ஸில் ஜோஷ்வா அன்று முதல்முறையாக வாயைத் திறந்தான். "பயமா கீதும்மா. என்னப் புடிச்சுக்கோ." கைகள் மடியிலேயே கிடந்தன.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. மாலையில் அதே நேரத்துக்கு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கை வந்தது. வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்தது.