என் வளையத்துக் குஞ்சுகள்

வந்து இறங்கிய, பொரிந்து ஒரு நாளே ஆன கோழிக்குஞ்சுகளை இரண்டு தகர வளையங்களுக்குள் பிரித்து விட்டோம். ஒன்று என் பொறுப்பு. மற்றது என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி பொறுப்பு. அவள் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நானோ கோழிக் கொட்டகையில் பதினைந்து வருஷம் ஊறினவள்.

அவள் காகிதம் விரித்து, உடனே தீனி தூவினாள்.

“என்னடி, பந்தி வைக்கிறியா? வயித்துக்குள்ள மஞ்சக்கரு இருக்கு. ரெண்டு நாளைக்கு அதுவே தாங்கும். தண்ணி மட்டும் வை.”

“இல்லக்கா. தீனி உள்ள போனாத்தான் குடல் வளருமாம், கருவும் சீக்கிரம் கரையுமாம். குஞ்சு கொண்டாந்த டிரைவர் அண்ணன் சொன்னார்.”

“அவர் வண்டிய ஓட்டட்டும்.”

என் வளையத்தில் இரண்டு நாள் தண்ணீர்தான். வயிற்றைத் தொட்டால் உருண்டையாக இருந்தது. நிறைந்த வயிறு என்று மெத்தனமாக இருந்துவிட்டேன். நாலாம் நாள் காலையில் முப்பதுக்கு மேல் செத்துக் கிடந்தன. எல்லாம் என் பக்கம். அவள் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

இனிமேல் சொல்லத்தான் கூசுகிறது, கண்ணுகளா. யாரும் வருவதற்குள் செத்ததில் முக்கால்வாசியை அள்ளி அவள் வளையத்துக்குள் போட்டேன்.

மாமியார் வந்து, அவள் வளையத்தில் செத்துக் கிடந்ததைப் பார்த்தார். “உடனே தீனி போட்டது யாரு?”

“நான்தான் அத்தை.”

“இனி நீ கொட்டகைப் பக்கம் வராத. பெரியவளே பாத்துக்கட்டும்.”

அவள் தலைகுனிந்து நின்றாள். நான் என் வளையத்துத் தண்ணித் தட்டைக் கழுவப் போனேன்.

அவள் கொட்டகையை விட்டுப் போகுமுன்பே கால்நடை டாக்டர் வந்து, அவள் வளையத்தில் கிடந்த ஒன்றை எடுத்து அறுத்தார். மஞ்சக்கரு கரையாமல் அப்படியே இருந்தது. குடல் தையல் நூல் மாதிரி.

“நேரத்துக்குத் தீனி தின்னிருந்தா குடல் தடிச்சிருக்கும், கரு வத்தியிருக்கும். எப்ப தீனி வச்சீங்க?”

“வந்த அன்னைக்கே வச்சேன் சார். எல்லாம் தின்னுச்சே.” அவளுக்கே ஒன்றும் புரியவில்லை.

“பொய் வேறயா?” என்றார் மாமியார்.

என்மேல் விழ வேண்டிய வார்த்தை அது.

“அது என் வளையத்துக் குஞ்சு. நான்தான் தூக்கி இங்க போட்டேன்,” என்றேன். குரல் எழும்பவில்லை. “என்ன சொன்ன?” என்று மாமியார் கேட்க, இன்னொரு தரம் சொல்ல வேண்டியதாயிற்று.

டாக்டர் குனிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார், தேவையில்லாமல் வெகு நேரம்.

மறுநாளிலிருந்து இரண்டு வளையத்தையும் அவளே பார்த்தாள். “தண்ணி மாத்துங்கக்கா” என்பாள், மாற்றுவேன். அந்த ‘அக்கா’வை மட்டும் அவள் ஒரு நாளும் விடவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.