நாற்பது வினாடி சிக்னல்

கண் டாக்டர் வீட்டை அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மூடிவிட்டு, அரண்மனையில் மிஞ்சிய நாற்காலிகளை அங்கே போட்டுவைக்கப் போகிறார்கள் என்று சுற்றுலாத் துறையிலிருந்து கடிதம் வந்தது. கண்வீட்டக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கைப்பைக்குள் திணித்துவிட்டு மாடி ஜன்னல்களைத் திறக்கப் போனாள். மணி பத்தாகிவிட்டது. நாற்காலி வரும்போது வரட்டும், வீடு திறக்கிற நேரம் தப்பக்கூடாது.

நூற்றிருபது வருஷத்து வீடு அது. அந்தக் காலத்தில் ஒரு கண் டாக்டர் அங்கேயே குடியிருந்து வைத்தியம் பார்த்தார். மாடிக் கூடத்துச் சுவரில் உச்சியில் ஒரு முழ உயரத்துக்கு ஓர் எழுத்து. கீழே வர வர எழுத்துகள் சின்னதாகிக்கொண்டே போய், கடைசி வரி எறும்பு ஊர்வது போல இருக்கும். எதிரே, நோயாளிகள் நின்று நின்று தேய்ந்துபோன தரைப்பலகை. பதினோரு வருஷமாக அந்த வீட்டைத் திறந்து, பெருக்கி, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது அவள்தான். அதனால்தான் ஊர் அவளைக் கண்வீட்டக்கா என்று கூப்பிட்டது.

சிக்கல் என்னவென்றால், வருகிறவர்கள் இல்லை. ஊரைச் சுற்றிக் காட்டும் சுற்றுலா பஸ் அரண்மனை, கோட்டை, மணிக்கூண்டு என்று ஒன்பது இடங்களில் நிற்கும். இந்த வீட்டை மட்டும் தாண்டிப் போய்விடும். போன புதன்கிழமை வந்தது இரண்டே பேர். அதில் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்.

சுற்றுலா அதிகாரியைப் போய்ப் பார்த்தாள்.

“பஸ்ஸ எங்க வீட்டு முன்னால நிறுத்தச் சொல்லுங்க சார்.”

“இருக்கற ஒன்பது ஸ்டாப்பே ஜாஸ்தி. அங்க இறங்கணும்னு இதுவரைக்கும் யாராவது கேட்டிருக்காங்களாம்மா?”

“கேட்டா நிறுத்துவீங்களா?”

“கேட்டா, அப்ப பாக்கலாம்.”

அவளைத் தட்டிக்கழிக்கச் சொன்ன பேச்சுதான். அவளோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை முதல் டிரிப்பிலேயே டிக்கெட் எடுத்து ஏறினாள். வீட்டுக்குச் சற்று முன்னால் பஸ் சிக்னலில் நின்றது. நாற்பது வினாடி. கைடு பெண் மைக்கை மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். பயணிகள் செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்தார்கள். இந்த நாற்பது வினாடி யாருக்கும் வேண்டாம் என்றால் எனக்கு வேண்டும் என்று அவள் அங்கேயே முடிவு கட்டினாள்.

சாயங்காலம் தன் வீட்டில் நின்றபடி, பஸ்ஸில் சொல்லப்போவதைப் பேசிப் பார்த்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான வீட்டுக்காரர் போனில் நேரம் பார்த்தார்.

“நாலு நிமிஷம் பத்து செகண்டு. சிக்னல் அஞ்சாறு தடவ மாறிடும். பின்னால நிக்கற லாரிக்காரன் உன்ன அடிச்சுட்டு, அந்த டாக்டர் எங்கன்னு தேடுவான்.”

டாக்டர் பிறந்த தேதியை வெட்டினாள். படித்த படிப்பு போயிற்று. பதக்கங்களை விட மனசே வரவில்லை.

“அவருக்கு எத்தனை மெடல்னு கேட்டு எவன் இறங்குவான்? சுவரச் சொல்லு, போதும்” என்றார் அவர்.

மூன்றாம் நாள் பேச்சு முப்பத்தெட்டு வினாடியில் வந்து நின்றது.

முதல் நாள் பஸ்ஸில் எழுந்தவள், முதல் வார்த்தையைத் தேடியதிலேயே நாற்பது வினாடியில் பாதிக்கு மேல் போய்விட்டது. “பச்சைக் கதவு” என்பதற்குள் சிக்னல் மாற, பஸ் குலுங்க, முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் மடியில் போய் விழுந்தாள். மறுநாள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு முழுவதும் சொன்னாள்.

“வலது பக்கம் பாருங்க. அந்தப் பச்சைக் கதவு வீட்டு மாடியில ஒரு சுவர் இருக்கு. கண்ணு மங்கினவங்க அதுக்கு எதிர நிப்பாங்க, எந்த வரி வரைக்கும் தெரியுதுன்னு டாக்டர் கேப்பார். படிக்கத் தெரியாதவங்களுக்காக மீன், பறவை, சாவின்னு அவரே பக்கத்துல வரைஞ்சு வெச்சிருக்கார். அவங்க நின்ன எடம் தேஞ்சு குழியாயிருக்கு. நீங்களும் அதுல நின்னு பாக்கலாம். இறங்கணும்னா டிரைவர்கிட்ட கேளுங்க.”

கண்ணாடியில் பார்த்த டிரைவர் கத்தினார். “உக்காருங்கம்மா! இது என்ன மேடையா?”

“டிக்கெட் எடுத்துத்தானே ஏறியிருக்கேன்? பயணி பேசக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க.”

டிரைவர் அறிவிப்புப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். கையை வெளியே நீட்டாதீர், பஸ்ஸுக்குள் சாப்பிடாதீர் என்று என்னென்னவோ இருந்தது. பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று யாரும் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. நாலாம் நாள் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்தார்.

“இங்க இறங்கலாமா?”

“ஸ்டாப் இல்ல சார்.”

கண்வீட்டக்காவுக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஒருவர் கேட்டுவிட்டார்! அடுத்த நாள் மூன்று பேர் கேட்டார்கள்.

திங்கட்கிழமை டாக்டர் வீட்டுக்கு விடுமுறை. அவள் காலையிலிருந்து ஏழு டிரிப்பும் விடாமல் ஏறினாள். ஏழாவது டிரிப் முடிந்ததும் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவள் எதிரில் வந்து நின்றார். குரல் கம்மியிருந்தது.

“அக்கா, உங்களுக்கு என்னதான் வேணும்?”

“ஒரு ஸ்டாப்.”

“வேற?”

“வேற ஒண்ணும் வேணாம்.”

அவர் அங்கேயே போனை எடுத்து அதிகாரியைக் கூப்பிட்டார். “சார், ஸ்டாப் இல்ல ஸ்டாப் இல்லன்னு சொல்லிச் சொல்லி என் தொண்டையே கட்டிப்போச்சு. இன்னைக்கு மட்டும் இருபத்திமூணு பேர் கேட்டுட்டாங்க. ஒண்ணு அங்க நிறுத்தச் சொல்லுங்க, இல்ல எனக்கு வேற ரூட் குடுங்க.”

 யாராவது கேட்டார்களா என்று இனி அதிகாரி கேட்க முடியாது.

நாலு நாள் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்கு அங்கே பஸ் நிறுத்திப் பார்க்கலாம், நாற்காலிகள் அதுவரை அரண்மனையிலேயே இருக்கட்டும் என்று எழுதியிருந்தது.

“மூணே மாசமா?” என்று வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார்.

“மூணு மாசம் கெடைச்சிருக்குல்ல? அதுக்குள்ள நான் பாத்துக்கறேன்.”

புது ஸ்டாப்பின் முதல் நாள், பத்து மணிக்கு வந்த பஸ்ஸிலிருந்து ஏழு பேர் இறங்கினார்கள். எட்டாவதாக டிரைவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு படியேறினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சுவருக்கு எதிரே வரிசை நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் குழிக்குள் கால் வைக்கப் பார்த்தார்கள்.

“ஒவ்வொருத்தரா வாங்க, ஒவ்வொருத்தரா” என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கம்மியது. நிறுத்த அவளுக்கு மனசில்லை.